வீட்டில் கேட்டால் போதாதா? (பெங்களூர், மெற்றாலிக்கா, 2011)

வாசகர் ஒருவரின் கேள்வி, 3 பெப்ரவரி 2025

மும்பையில் பிரிட்டிஷ் இசைக்குழு கோல்ட்பிளேயைப் பார்க்க யாழ்ப்பாணத்தில் இருந்தும் பெடியள் போய் வந்திருக்கிறார்களாம். ரிக்கெற், பிளேன், தங்குமிடம் என்று கூட்டிப் பார்த்தால் ஒரு மோட்டார் சைக்கிளே வாங்கலாம். அதே பாட்டு யூரியூபில் சும்மா கிடக்கிறது. வீட்டில் நல்ல ஸ்பீக்கரில் போட்டால் அங்கே கேட்பதைவிடத் தெளிவாகக் கேட்கும். இப்படி எங்காவது போய் வந்தவர்கள் இருந்தால் நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள், அப்படி என்னதான் கிடைத்தது?

3 பெப்ரவரி 2025, இரவு

தெளிவைப் பற்றிச் சொன்னீர்கள், அதில் உங்களோடு எனக்குச் சண்டை இல்லை. வீட்டில் கேட்பதுதான் தெளிவு. நான் பார்த்தது மெற்றாலிக்கா என்ற அமெரிக்க ஹெவி மெற்றல் குழுவை, 2011 ஒக்டோபர் 30, பெங்களூர் பலஸ் கிரவுண்ட்ஸ் திடலில். இந்தியாவில் அவர்கள் வாசித்த முதல் நிகழ்ச்சி. முதல் பாட்டில் எனக்குக் கேட்டது ட்ரம்ஸும் பாஸும் என்னைச் சுற்றி நின்றவர்களின் தொண்டையும்தான். பாடகர் ஹெற்ஃபீல்டின் கிற்றார் எங்கேயோ ஓர் இரைச்சலாகக் கிடந்தது. பாட்டு மனப்பாடம் என்பதால் காதுக்கு வராததை மனம் போட்டு நிரப்பிக்கொண்டது. அந்தப் பாட்டே தெரியாத ஒருவரை என் பக்கத்தில் நிறுத்தியிருந்தால் அரை மணித்தியாலத்தில் வெளியே ஓடியிருப்பார்.

மோட்டார் சைக்கிள் கணக்கும் சரிதான். அப்போது என்னிடம் மோட்டார் சைக்கிளும் இருக்கவில்லை.

இருந்தாலும் போனதுக்கு ஒரு நாளும் கவலைப்பட்டதில்லை. ஏன் என்று ஒரு வரியில் சொல்ல வராது. நாளைக்கு லீவு, எழுதுகிறேன்.

4 பெப்ரவரி, காலை

தேத்தண்ணியோடு உட்கார்ந்துவிட்டேன்.

யாழ்ப்பாணத்துப் பெடியனுக்கு மெற்றாலிக்கா எங்கேயிருந்து வந்தது என்று ஒருவர் கேட்டிருக்கிறார். கனடாவிலிருந்து வந்தது. 2002 ஏப்ரலில் யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 பாதை திறந்ததும் வெளிநாட்டுச் சனம் லீவுக்கு வரத் தொடங்கியது நினைவிருக்கும். எங்கள் வீட்டுக்கு வந்த மச்சான் ஒரு டிஸ்க்மானும் ஒரு பை நிறையத் தட்டுகளும் கொண்டுவந்தான். மாமரத்துக்குக் கீழே கதிரையைப் போட்டு, காதுக்குள் வைக்கிறதில் ஒன்றை அவனும் மற்றதை நானுமாக வைத்துக்கொண்டு கேட்டோம். 1991இல் வந்த கறுப்பு அட்டைத் தட்டுதான் முதலில். பெரியப்பா வந்து பார்த்துவிட்டு, "என்னடா, ரெண்டு பேரும் ஒரு வயரில கட்டுப்பட்டுக் கிடக்கிறியள்" என்றார். போகும்போது மச்சான் டிஸ்க்மானை எனக்கே விட்டுவிட்டுப் போனான். பெரிய மனது என்று சொல்ல முடியாது, அங்கே போய்ப் புதிது வாங்கக் காரணம் தேடிக்கொண்டிருந்தான்.

அதுக்கு முதல் எங்களுக்குப் பாட்டு என்றால் சைக்கிள் டைனமோ. போரால் 1990இலிருந்து கரண்ட் இல்லை, பற்றரிக்கும் தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் பெடலைக் கையால் சுற்ற வேண்டும். டைனமோவிலிருந்து வயர் எடுத்து ரேடியோவுக்கோ கசெற் பிளேயருக்கோ கொடுப்பது. சுற்றுகிறவர் களைத்தால் எஸ்.பி. பாலசுப்பிரமணியமும் சேர்ந்து களைத்துப்போவார். யாரிடமாவது பழைய பற்றரி இருந்தால் வெயிலில் காயவைத்து இன்னும் இரண்டு பாட்டுக் கேட்பார்கள். இப்படி வளர்ந்த காது இது. அதனால் தெளிவாகக் கேட்கவில்லை என்பது எனக்கு ஒரு பெரிய குறையாகப் பட்டதே இல்லை. மின்சாரத்தோடு வளர்ந்தவர்களுக்கு வேறு மாதிரி இருக்கலாம்.

4 பெப்ரவரி, பின்னேரம்

ஒரு பாட்டைப் பற்றித் தனியாக எழுத வேண்டும், பிறகு வரப்போகிற கதைக்கு அது தேவை.

1988இல் வந்த தட்டில் "வன்" (One) என்று ஒரு பாட்டு. போரில் கண், காது, வாய், கை, கால் எல்லாம் போய் உயிர் மட்டும் மிஞ்சிய சிப்பாய் ஒருவன் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்து தனக்குள்ளே பேசுகிறான். டோல்டன் ட்ரம்போ 1939இல் வெளியிட்ட நாவலின் கரு அது. நாவலில் அவனை அப்படி ஆக்கியது முதலாம் உலகப் போரின் செல், அதாவது பீரங்கிக் குண்டு. பாட்டில் மிதிவெடி.

மச்சான் போன பிறகு நான் டிஸ்க்மானோடு கொழும்புக்குப் போகும் பஸ்ஸில், போர்முனையாக இருந்த முகமாலையைக் கடக்கிறேன். அந்த இடத்தில் பஸ் ஊர்ந்துதான் போகும். பாதையின் இரண்டு பக்கமும் தலை போன தென்னைகள். இடைக்கிடை மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை. காதுக்குள் அந்தப் பாட்டின் பின்பாதி, ட்ரம்ஸ்காரர் உல்ரிக்கின் கால் ட்ரம் இயந்திரத் துப்பாக்கி மாதிரி அடுக்கடுக்காய் விழும் இடம். முன் சீற்றில் இருந்த அம்மா ஒருவர் பலகைகளை எண்ணிக்கொண்டு வந்தார். மச்சானுக்கு இது "செமத்தியான ட்ரம்ஸ்". எனக்கும் செமத்தியான ட்ரம்ஸ்தான். ஆனால் கலிபோர்னியாவில் இருக்கிற நாலு பேருக்கு மிதிவெடி என்ன செய்யும் என்று தெரிந்திருக்கிறதே என்று ஆச்சரியமாக இருந்தது. அன்றிலிருந்து ரசிகன்.

6 பெப்ரவரி

பயணத்தைக் கேட்கிறார்கள். சுருக்கமாகச் சொல்கிறேன், பயணக்கதை எழுத எனக்கு வராது.

2011இல் யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்திலிருந்து சென்னைக்குப் பிளேன் இல்லை. யாழ்தேவி ரெயினும் யாழ்ப்பாணம்வரை வரவில்லை, அது 2014 ஒக்டோபரில்தான் வந்தது. இரவு பஸ்ஸில் கொழும்பு, ஓமந்தைச் சோதனைச்சாவடியில் இறங்கிப் பதிந்து ஏறிப் போவது. அங்கிருந்து சென்னை. வளசரவாக்கத்தில் மாமி வீடு. விசாப் படிவத்தில் என்ன நோக்கத்துக்குப் போகிறீர்கள் என்ற இடத்தில் "தலையை ஆட்ட" என்று எழுத முடியாதே, சுற்றுலா என்று போட்டேன்.

மாமி வீட்டில் இருக்கும்போதுதான் ரீவியில் செய்தி. 28ஆம் திகதி தில்லிக்குப் பக்கத்தில் குர்கானில் நடக்க இருந்த இதே குழுவின் நிகழ்ச்சி கடைசி நேரத்தில் நின்றுவிட்டது. மேடைக்கு முன்னால் இருந்த தடுப்பில் பாதுகாப்புப் பிரச்சினை. நாளைக்கு நடக்கும் என்றார்கள், பிறகு அதுவும் இல்லை என்றார்கள். சனம் மேடையில் ஏறி உடைத்தது. நான் மாமியின் சோபாவில் இருந்து அதைப் பார்த்துக்கொண்டு, பெங்களூரும் போச்சு என்று நினைத்தேன். மாமி சொன்னார்: "பாட்டுக் கேக்கப் போற இடத்திலையும் அடிபாடோ? பேசாமல் திருப்பதிக்குப் போட்டு வா தம்பி."

பெங்களூரில் மெஜஸ்டிக் பக்கம் ஒரு லொட்ஜில் இலங்கைப் பாஸ்போட்டைக் கண்டதும் அறை இல்லை என்றார்கள். எனக்குப் பின்னால் வந்தவருக்கு அறை இருந்தது. வெளிநாட்டுக்காரர் தங்கினால் லொட்ஜ்காரர் "சி" படிவம் நிரப்பி அறிவிக்க வேண்டியிருந்தது, சில இடங்களுக்கு அந்தச் சோலி வேண்டாம். அடுத்த தெருவில் இன்னொரு லொட்ஜ், முதலாளி தர்மபுரிக்காரர். படிவத்தை நிரப்பிக்கொண்டே "சிலோனா? அங்க இப்ப பரவாயில்லையா?" என்று கேட்டார். பரவாயில்லை என்றேன்.

6 பெப்ரவரி, இரவு

இனி அந்த இரவு.

முன்னால் வாசித்த குழுக்களை மரியாதைக்குக் கேட்டேன். ஸ்கொட்லாந்தின் பிஃபி கிளைரோவை இன்றைக்குப் பிடிக்கும், அன்றைக்கு அவர்கள் எப்போது இறங்குவார்கள் என்றுதான் இருந்தது. பிறகு விளக்கெல்லாம் அணைந்தது. திரையில் பழைய கவ்பாய் படம், மயானத்துக்குள் ஒருவன் ஓடுகிறான், இத்தாலிய இசையமைப்பாளர் எனியோ மோரிக்கோனேயின் இசை. 1980களிலிருந்து இந்தக் குழு மேடைக்கு வருமுன் போடுவது அதுதான். வார்த்தையே இல்லாத மெட்டு. அதைப் பல்லாயிரம் பேர் சேர்ந்து ஓ ஓ என்று பாடுகிறார்கள். நானும் பாடினேன். கோயில் பஜனையில்கூட வாய் திறக்காதவன் நான்.

நான் நின்ற இடம் நடுவுக்குக் கொஞ்சம் முன்னால். ஒலி ஒரு செக்கனில் சுமார் 340 மீற்றர்தான் போகும். நூறு மீற்றர் பின்னால் நிற்பவருக்குத் திரையில் குச்சி விழுந்து, கால் செக்கனுக்கும் மேல் கழித்துத்தான் மேடைச் சத்தம் வரும். அதைச் சரிக்கட்டத்தான் திடலின் நடுவில் இன்னொரு ஸ்பீக்கர்க் கோபுரம் கட்டி, அதன் சத்தத்தை அளந்து பிந்தவிடுவார்கள். மேடைச் சத்தமும் கோபுரச் சத்தமும் ஒன்றாக வந்து சேர வேண்டும். இது எனக்குப் பிறகு படித்துத் தெரிந்தது. அன்றைக்குத் தெரிந்ததெல்லாம் சேட் துணி உடம்பில் படபடவென்று அடித்ததுதான். காற்றால் அல்ல, பாஸால்.

பிறகு அந்தப் பாட்டு, "வன்". மேடையில் அதைத் தொடங்குவதுக்கு முதல் முழு இருட்டாக்கிவிட்டு, பதிவுசெய்த போர்க்களச் சத்தம் போடுவார்கள். துப்பாக்கி, செல், வெடிப்பு, கூடவே வெளிச்சம் பளிச் பளிச் என்று. இது வரும் என்று எனக்குத் தெரியும். யூரியூபில் எத்தனையோ தரம் பார்த்தது. வந்தபோது என் முழங்கால் மடிந்துவிட்டது. பயந்தேன் என்று சொல்ல மாட்டேன், பயப்பட நேரம் இருக்கவில்லை. முழங்கால் தன் பாட்டில் வேலையைச் செய்தது.

பக்கத்தில் நின்றவன் ஒரு மலையாளப் பெடியன், தாடி, கையில் கறுப்புப் பட்டி. நான் விழுந்துவிட்டேன் என்று நினைத்து இரண்டு கமக்கட்டுக்கும் கீழே கையைக் கொடுத்துத் தூக்கி நிறுத்தினான். இந்தக் கூட்டங்களில் எழுதாத சட்டம் அது, யாரும் விழுந்தால் முதலில் தூக்கு, பிறகு ஆடு. காதுக்குள் ஏதோ கத்திக் கேட்டான். நான் தலையாட்டினேன். கையில் இருந்த தண்ணீர்ப் போத்தலில் பாதியை என் தலையில் ஊற்றிவிட்டுத் தன் ஆட்டத்துக்குத் திரும்பிவிட்டான்.

7 பெப்ரவரி

மேலே எழுதியதை வாசித்துவிட்டு "கொஞ்சம் நாடகமாக இருக்கிறதே" என்கிறார் கொழும்பு நண்பர். இருக்கலாம். ஆனால் நான் சொல்ல நினைத்த முக்கியமான இடம் முழங்கால் அல்ல, அதுக்கு அடுத்தது. நிமிர்ந்து பார்த்தால் சுற்றிவரச் சனம் செல் சத்தத்துக்குக் கைதட்டுகிறது, விசில் அடிக்கிறது, தோளில் ஏறி நிற்கிறது. செல் சத்தத்துக்கு விசில் அடித்த சனத்தை வாழ்க்கையில் அன்றுதான் பார்த்தேன்.

முதலில் கோபம் வந்தது. உங்களுக்கு என்னடா தெரியும் என்று. பிறகு அந்தக் கிற்றாரின் மெதுவான தொடக்கம் வந்தது, சனம் அமைதியானது, நான் சிரிக்கத் தொடங்கிவிட்டேன். அவர்களுக்கு ஒன்றும் தெரியாமல் இருப்பதே நல்லது என்று பட்டது.

7 பெப்ரவரி, சற்றுப் பிந்தி

அதே நண்பருக்கு: இல்லை, அழவில்லை. வியர்வை.

8 பெப்ரவரி

"2011 ஒக்டோபர் 30 என்று எழுதியிருக்கிறீர்கள், அது வலிகாமத்து இடப்பெயர்வு நாள் அல்லவா?" என்று கோண்டாவில்காரர் ஒருவர் பிடித்துவிட்டார்.

ஓம். 1995இல் போருக்குள் யாழ்ப்பாணத்து வலிகாமம் பகுதிச் சனம் ஊரைவிட்டு வெளிக்கிட்ட அதே திகதி, பதினாறு வருசம் கழித்து. எனக்குத் தெரியும். எழுதினால் பாட்டுக் கதை வேறு கதையாகிவிடும் என்று விட்டிருந்தேன். கேட்ட பிறகு மறைக்க ஒன்றும் இல்லை, ஆறுதலாக எழுதுகிறேன்.

10 பெப்ரவரி

1995இல் எனக்குப் பதின்மூன்று வயது. பின்னேரம் ஒலிபெருக்கி கட்டிய வாகனம் ஒழுங்கை ஒழுங்கையாகச் சொல்லிக்கொண்டு போனது, எல்லாரும் வெளிக்கிடுங்கள் என்று. மழை. ஏறத்தாழ ஐந்து லட்சம் சனம் என்று பிறகு எழுதினார்கள். எனக்குத் தெரிந்தது முன்னால் போன முதுகுகள் மட்டும். செம்மணி வெளியில் கூட்டம் நகரவே இல்லை. அப்பா சைக்கிளை உருட்டினார், கரியரில் அரிசி மூட்டையும் அதன்மேல் தங்கச்சியும். "கரியரை விட்டிடாதை" என்று திரும்பித் திரும்பிச் சொல்லிக்கொண்டு வந்தார். நாவற்குழிப் பாலத்தைக் கடக்க விடிந்துவிட்டது.

பெங்களூரில் நிகழ்ச்சி முடிந்து வெளியே வரும் இடமும் நெரிசல். ஓர் அடி வைத்தால் அரை அடி நகரும். வெளிச்சம் குறைவு. கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால், முன்னால் போனவனின் முதுகுப் பை வாரை நான் இறுக்கிப் பிடித்திருக்கிறேன். அவன் ஒருமுறை திரும்பிப் பார்த்தான், ஒன்றும் சொல்லவில்லை. றோட்டுக்கு வரும்வரை விடவில்லை.

லொட்ஜுக்கு வந்து வீட்டுக்கு எடுத்தேன். அம்மா கேட்ட முதல் கேள்வி: "சத்தமெல்லாம் முடிஞ்சுதோ? சாப்பிட்டியோ?" பிறகு, "இண்டைக்குத்தானே நாங்கள் வெளிக்கிட்டனாங்கள்" என்றார். வேறு ஒன்றும் பேசவில்லை, கோல் காசு ஏறுகிறது என்று வைத்துவிட்டார்.

இதில் பெரிய அர்த்தம் தேட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். திகதி பொருந்தியது தற்செயல். எங்கோ ஒரு முகவர் கலண்டரில் வெறுமையான ஞாயிற்றுக்கிழமை பார்த்துப் போட்டிருப்பார். ஆனால் கேள்வி கேட்டவருக்கு என் பதில் இதுக்குள்தான் இருக்கிறது. அந்த வயதிலிருந்து எனக்குப் பெருங்கூட்டம் என்றால் யாரோ போகச் சொல்லிப் போகும் சனம், நிற்கச் சொல்லி வரிசையில் நிற்கும் சனம். யாரும் சொல்லாமல், தன் காசைக் கொடுத்து, தானாக விரும்பி வந்து நெரிபடுகிற கூட்டத்தை நல்லூர்த் திருவிழாவுக்கு வெளியே அன்றுதான் கண்டேன். நடுவில் நின்றேன். செல் வெடித்தும் ஒருவரும் ஓடவில்லை. யூரியூபில் இது வராது.

11 பெப்ரவரி

நன்றி, நன்றி. போதும். எல்லாரும் ஒரேயடியாக 95ஐப் பற்றி எழுதத் தொடங்கிவிட்டீர்கள், எழுதுங்கள், ஆனால் கிளாலியில் படகேறிய கதைக்குத் தனியாக ஓர் இடம் வேண்டும். இங்கே கொஞ்சம் ட்ரம்ஸும் இருக்கட்டும்.

12 பெப்ரவரி

இணுவில்காரர் ஒருவர் வந்திருக்கிறார், நல்ல கோபத்தில். "நெஞ்சு அதிர வேண்டுமென்றால் பெங்களூருக்கு ஏன் போனீர்? எங்கள் ஊர்க் கோயிலில் மேளச்சமாவுக்கு, தவில் நாதஸ்வரக் கச்சேரிக்கு, முன் வரிசையில் இருந்து பார்த்ததில்லையா?"

பார்த்திருக்கிறேன் ஐயா. மறுக்க மாட்டேன். தவில் மேதை தெட்சணாமூர்த்தியை நேரில் கேட்கும் பாக்கியம் என் வயதுக்காரருக்கு இல்லை, 1975இலேயே போய்விட்டார். ஆனால் நாலு கூட்டம் தவில் ஒன்றாக இருந்து விடியவிடிய வாசித்ததைக் கேட்டிருக்கிறேன். விரலில் கூடு மாட்டி வலந்தலையில் விழும் அடி காதுக்கு, தொப்பியில் தடி விழும் அடி வயிற்றுக்கு. ஸ்பீக்கர் இல்லாமலே அது நடக்கும். மெற்றாலிக்காவுக்கு அந்த வேலைக்குப் பல லொறிச் சாமான் வேண்டும். நீங்கள் சொல்வது எனக்கு முழுச் சம்மதம்: தவிலை ரேடியோவில் மட்டும் கேட்டவர் தவில் கேட்டவரே அல்ல. அதையேதான் நானும் மூன்றாம் திகதியிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஏன் வயிற்றில் விழுகிறது என்று கேட்ட மாணவருக்கு: தாழ்ந்த ஒலியின் அலை நீளமானது. செக்கனுக்கு 60 தரம் அதிரும் ஒலி என்றால் ஓர் அலை ஐந்தரை மீற்றருக்கும் மேல், வீட்டு அறையை விட நீளம். சின்ன ஸ்பீக்கரால் அவ்வளவு காற்றைத் தள்ள முடியாது. காதுக்குள் வைக்கிற சாமான் செவிப்பறையை மட்டும் ஏமாற்றும், வயிற்றை ஏமாற்றாது.

13 பெப்ரவரி

இணுவில்காரர் சமாதானமாகிவிட்டார். வைகாசியில் சமாவுக்குக் கூப்பிட்டிருக்கிறார். வெற்றிலை அவர் செலவு.

20 பெப்ரவரி

ஒரு வாரம் வராமல் இருந்ததுக்குள் பேச்சு யாழ்ப்பாணம் முற்றவெளித் திடலுக்குப் போய்விட்டது. 2024 பெப்ரவரி 9 அங்கே நடந்த பாடகர் ஹரிஹரனின் நிகழ்ச்சியில் பின்னால் நின்ற சனம் தடுப்பைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்ததைச் சொல்லி, "எங்கட சனத்துக்கு இதெல்லாம் சரிவராது, பண்பு இல்லை" என்று மூன்று பேர் எழுதியிருக்கிறார்கள்.

இதோடு எனக்கு ஒத்துவராது. குர்கானில் உடைத்தவர்கள் எங்கட சனமா? தடுப்பு என்பது பண்புப் பிரச்சினை அல்ல, இரும்பு வேலை. பெங்களூரில் முன்னால் போட்டிருந்ததைக் கிட்டப் போய்ப் பார்த்தேன். நாங்கள் திருவிழாவுக்குப் போடுகிற கம்பிவேலி மாதிரி அது நிலத்தில் சும்மா நிற்பதில்லை. பக்கவாட்டில் பார்த்தால் முக்கோணம். சனம் நிற்கும் பக்கம் அகலமான அடித்தட்டு நீண்டிருக்கும். முன் வரிசையில் நிற்பவர் அந்தத் தட்டின்மேல்தான் நிற்பார். பின்னாலிருந்து தள்ளத் தள்ள, முன்னால் நிற்பவரின் எடையே தடுப்பைக் கீழே அழுத்திப் பிடிக்கும். அதுக்கும் மேடைக்கும் நடுவில் ஒரு பாதை, நெரிபட்டவரை மேலால் தூக்கி எடுத்து வெளியே கொண்டுபோக. எங்கள் ஊரில் போடுவது ஆட்டை மறிக்கிற வேலி. அதில் ஆயிரம் பேர் சாய்ந்தால் விழத்தான் செய்யும், சாய்ந்தவர் திருக்குறள் படித்திருந்தாலும்.

காசு கொடுத்த கதிரைக்கும் இலவசமாக நிற்கும் இடத்துக்கும் நடுவில் தோள் உயரக் கம்பி ஒன்றை மட்டும் வைப்பதும் புத்தி இல்லை. அதைக் கண்டால் எனக்கே தாண்டத் தோன்றும்.

21 பெப்ரவரி

"நீங்கள் மேலைநாட்டு இசைக்கு வக்காலத்து வாங்குகிறீர்கள்." இரும்புக்கு வாங்கினேன்.

2 மார்ச்

காதைப் பற்றி யாரும் கேட்கவில்லை. கேட்காமலே சொல்கிறேன், இது முக்கியம்.

அன்றைக்கு நான் காதடைப்புப் போடவில்லை. லொட்ஜில் படுத்தபோது காதுக்குள் ஒரு கிண். காலையில் தர்மபுரிக்காரர் பேசியது தண்ணீருக்கு அடியில் இருந்து கேட்டது. சென்னைக்கு ரெயின் ஏறும்போது விட்டுவிட்டது. எல்லாருக்கும் விடாது. லார்ஸ் உல்ரிக்கே காதில் இரைச்சல் நோயோடு இருப்பதை வெளிப்படையாகச் சொன்னவர். 85 டெசிபல் என்றால் எட்டு மணித்தியாலம் தாங்கலாம், ஒவ்வொரு மூன்று டெசிபலுக்கும் நேரம் பாதியாகக் குறையும் என்பது வேலைத்தளப் பாதுகாப்பில் பயன்படுகிற ஒரு கணக்கு. அப்படிப் பார்த்தால் 100 டெசிபலுக்குக் கால் மணித்தியாலம்தான். நல்ல றொக் நிகழ்ச்சி அதை முதல் பாட்டிலேயே தாண்டிவிடும். நுரைக் காதடைப்பு ஒரு சோடி பெரிய விலை இல்லை. போட்டால் பாட்டு இன்னும் தெளிவாகக்கூடக் கேட்கலாம் என்பது இதில் பகிடி. வயிற்றுக்கு அடைப்புத் தேவையில்லை.

கோயில் லவுட்ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் வீடு உள்ளவர்களுக்கும் இதே கணக்குத்தான். அவர்களுக்கு ரிக்கெற் இலவசம்.

2 மார்ச், இரவு

ஒரு சின்னச் சேர்க்கை. பெங்களூர் நிகழ்ச்சிக்கு மறுநாள்தான் மெற்றாலிக்கா அமெரிக்கப் பாடகர் லூ ரீடோடு சேர்ந்து செய்த தட்டு வெளிவந்தது. அதைப் பற்றி என்னிடம் யாரும் கேட்காதீர்கள். நல்ல மனநிலையில் இருக்கிறேன்.

9 மார்ச்

இத்தனைக்கும் நடுவில் இதை வாசித்த என் மருமகள், அக்காவின் மகள், போனில் பிடித்துவிட்டாள். "மாமா, நீங்கள் போகலாம், நான் போகக் கூடாதோ?" அவளுக்கு இந்தியாவில் ஒரு நிகழ்ச்சிக்குப் போக வேண்டுமாம். குழுவின் பெயரைச் சொன்னாள். இரண்டு பாட்டுக் கேட்டேன். ஏழு பெடியள், ஒரே மாதிரித் தலைமயிர், ஒரு கிற்றாரும் இல்லை.

இப்போது வழி எங்களுக்கு இருந்ததைவிட எவ்வளவோ லேசு. பலாலியிலிருந்து சென்னைக்குப் பிளேன் 2019இல் தொடங்கி, கொரோனாவில் நின்று, 2022 டிசம்பரில் திரும்ப வந்தது. 2024 செப்டெம்பரில் இன்னொரு நிறுவனமும் ஓடத் தொடங்கியது. காங்கேசன்துறையிலிருந்து நாகபட்டினத்துக்குக் கப்பலும் இருக்கிறது, காற்றையும் கடலையும் பார்த்து விட்டுவிட்டு ஓடும். கப்பலை நம்பி ரிக்கெற் வாங்காதே என்று சொல்லியிருக்கிறேன்.

அக்கா ஒரே பிடியாக நிற்கிறார், தனியே விட மாட்டாராம். அத்தான் கணக்குப் பார்க்கிறார், மோட்டார் சைக்கிள் கதைதான் அங்கேயும். கடைசியில் முடிவு: நானும் கூடப் போவது, செலவில் பாதி அத்தான், காதடைப்பு என் கணக்கு. அந்த ஏழு பேரின் பெயரையும் பாடமாக்கினால்தான் கூட்டிக்கொண்டு போவாளாம். மூன்று பெயர் வந்துவிட்டது.